பின்னோக்கி ஓர் அடி

பெங்களூரில் ஒரு கண்காட்சிக் கூடத்தில், என் மகள் எடுத்த படத்துக்கு முன்னால் நின்றுகொண்டு தாடி வைத்த ஒருவர் சொன்னார்: “இந்தப் படத்துல எல்லாமே அந்தத் தூரம்தாங்க. ஓர் அடி கிட்ட வந்திருந்தாக்கூட இது வெறும் போட்டோ.”

பக்கத்தில் நின்றவர்கள் தலையாட்டினார்கள். நானும் அந்தப் படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பர்கூர் பக்கம் ஒரு கல் குவாரி. கறுப்புக் கல்லில் செங்குத்தாக அறுத்த சுவர். அதன் அடியில் துளை போடும் மெஷினைப் பிடித்தபடி, நமக்கு முதுகைக் காட்டி ஒரு தொழிலாளி. அவர் தலைக்கு மேலே வெள்ளைத் தூசி எழுந்து நிற்கிறது. ஆள் சின்னதாகத் தெரிகிறார், கல் பெரிதாகத் தெரிகிறது. நல்ல படம்தான். இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவர் சொன்ன அந்த ஓர் அடியை என் மகள் பின்னால் எடுத்து வைத்தபோது, அவளுடைய குதிகாலுக்குக் கீழே கல் முடிந்துவிட்டது. பொத்தானை அழுத்தினாள், விழுந்தாள். இடுப்பிலும் தொடையிலும் கம்பி வைத்திருக்கிறார்கள். இருபத்துமூன்று வயதில் கைத்தடி ஊன்றி நடக்கிறாள்.

“அம்மாவா நீங்க? பெருமையா இருக்கும்ல?” என்று அந்தத் தாடிக்காரர் திரும்பிக் கேட்டார்.

ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்வது?

படத்துக்குப் பக்கத்தில் ஓர் அட்டை ஒட்டியிருந்தார்கள். அதில் மகளின் பெயர், ஊர் ஓசூர், அதற்குக் கீழே அவளைப் பாதித்த கலைஞர்கள் என்று மூன்று பேர். மூன்று பேரையும் எனக்கு நன்றாகத் தெரியும். அவர்கள் எங்கள் வீட்டில் மூன்று வருஷமாகக் குடியிருந்தவர்கள்.

முதலில் வந்தவர் ஒரு கிழவர். ஐரோப்பாவில் எங்கோ பிறந்து, செத்தும் பல காலம் ஆன ஆள். ரயில் நிலையங்களையும் மழை பெய்த தெருக்களையும் கறுப்பு வெள்ளையில் எடுத்தவராம். மகள் அவருடைய படம் ஒன்றைப் பிரிண்ட் போட்டு பீரோ கதவில் ஒட்டினாள். அவர் வாழ்நாள் முழுக்க ஒரே ஒரு லென்ஸைத்தான் வைத்திருந்தார், ஜூம் லென்ஸைத் தொட்டதே இல்லை என்று ஏதோ ஒரு யூடியூப் வீடியோவில் பார்த்துவிட்டு வந்தாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதுதான் வேதம். கல்லூரி முடித்த பிறகு அவளுக்கு கேமரா வாங்கிய நாளில் கடைக்காரர் ஜூம் லென்ஸ் ஒன்றையும் எடுத்துக் காட்டினார். நின்ற இடத்திலிருந்தே கிட்டத்தில் உள்ளதையும் எடுக்கலாம், தூரத்தில் உள்ளதையும் எடுக்கலாம் என்றார். எனக்கு அது நியாயமாகப் பட்டது.

“அது சோம்பேறிங்களுக்கும்மா,” என்றாள் மகள். “கால்தான் ஜூம். கிட்ட வேணும்னா கிட்டப் போணும், தூரம் வேணும்னா பின்னாடி போணும்.”

“உங்க கிழவர் சொன்னாரா?”

“கிழவர்னு சொல்லாதம்மா.”

என் வேலை என்ன என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் பயிற்சிப் பிரிவில் இருக்கிறேன். புதிதாகச் சேரும் ஒப்பந்தத் தொழிலாளிகளுக்கு முதல் நாள் பாதுகாப்பு வகுப்பு எடுப்பது நான்தான். ஒடிசா, பீகார் பிள்ளைகளுக்கு என்னுடைய ஓட்டை இந்தியில், ராயக்கோட்டை, சூளகிரிப் பிள்ளைகளுக்குத் தமிழில். மஞ்சள் கோட்டுக்குள் நட. கையை எங்கே வைக்கிறாய் என்று பார்த்து வை. பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் ஓர் அடிகூடப் பின்னால் போகாதே. ஃபோர்க்லிஃப்ட் பின்னால் வந்தால் பீப் பீப் என்று கத்தும், அந்தச் சத்தம் கேட்டால் விலகு. இதைச் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை தேய்ந்திருக்கிறது. பின்னால் வருகிற இரும்பு வண்டிக்குக்கூட ஒரு சத்தம் வைத்திருக்கிறார்கள். என் மகளுக்கு யாரும் வைக்கவில்லை.

இரண்டாவதாக வந்தவர் ஓர் ஓவியர். அவரும் வெளிநாடுதான், கிழவருக்கும் பல தலைமுறை மூத்தவர். ஒரே ஜன்னல், அதில் வரும் வெளிச்சம், மீதி எல்லாம் இருட்டு, இதுதான் அவருடைய பாணி. இதனால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் நாங்கள் ட்யூப்லைட்டை அணைத்துவிட்டுச் சாப்பிட்டோம். தெற்கு ஜன்னலைத் திறந்து வைத்து, மற்றதையெல்லாம் போர்வையால் மூடிவிடுவாள். என் கணவர் ஒரு கம்பெனியில் அச்சும் கருவியும் செய்யும் டூல்ரூமில் வேலை செய்கிறவர், அதிர்ந்து பேசாத மனிதர். அவரே ஒருநாள் தட்டைத் தடவிக்கொண்டு கேட்டார்: “ஏம்மா, இது ஊறுகாயா கறிவேப்பிலையா? வாயில போட்டுத்தான் கண்டுபிடிக்கணுமா?”

“அசையாதீங்கப்பா. அப்படியே இருங்க. செமையா இருக்கு.”

“பசிக்குதும்மா.”

“அந்தப் பசி முகத்துல வருது பாருங்க, அதுதான் வேணும்.”

சிரித்தோம். அதையும் சொல்லத்தான் வேண்டும். அப்போதெல்லாம் சிரித்துக்கொண்டுதான் இருந்தோம்.

மூன்றாவதாக வந்தவள் உயிரோடு இருப்பவள். வடக்கே ஒரு பெரிய நகரத்தில் இருக்கிறாள். முகத்தையே எடுக்கமாட்டாள். மனிதர்களின் முதுகை மட்டும்தான் எடுப்பாள். மீன் வெட்டுகிறவரின் முதுகு, வங்கியில் வரிசையில் நிற்கிறவரின் முதுகு, தொழுகிறவரின் முதுகு. “முகம் போஸ் குடுக்கும்மா. முதுகுக்குப் போஸ் குடுக்கத் தெரியாது,” என்று மகள் விளக்கினாள். அவள் வந்த பிறகு மகள் ஒரு வருஷம் என் முகத்தை எடுக்கவே இல்லை. நான் அடுப்படியில் நின்றால் பின்னால் க்ளிக். துணி காயப்போட்டால் க்ளிக். இவற்றை இன்ஸ்டாகிராமில் போடுவாள், முன்பின் தெரியாதவர்கள் உழைப்பு, மௌனம் என்று என்னென்னவோ எழுதுவார்கள். கீழ்வீட்டுக்காரம்மா கன்னடக்காரர், நல்ல மாதிரி. தண்ணீர் பிடிக்க வந்த இடத்தில் தணிந்த குரலில் சொன்னார்: “உங்க ஜாக்கெட் பின்னாடி ஊக்கு குத்தியிருக்கீங்க, போட்டோல தெரியுது. தைச்சுக் குடுக்கட்டுமா?”

நான் கோவில்பட்டிப் பக்கத்துக்காரி. கோபம் வந்தால் ஊர்ப்பேச்சு வந்துவிடும். “ஏட்டி, ஒனக்கு நல்ல ஜாக்கெட் போட்ட அம்மாவே கெடைக்கலையா?” என்றேன். அவள் அந்த “ஏட்டி”யைக் கேட்டதும் விழுந்து விழுந்து சிரித்தாள். தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றையும் ஒரே மூச்சில் கலந்து பேசுகிற ஓசூர்ப் பிள்ளைக்கு அது பெரிய வேடிக்கை.

இந்த மூன்று பேரைத்தான் அட்டையில் போட்டிருந்தாள். நான் நாலாவதாக ஒருத்தியைத் தேடினேன். இல்லை.

கிருஷ்ணகிரியில் ஒரு ஸ்டுடியோவில் மகள் இரண்டு முகூர்த்த சீசன் வேலை செய்தாள். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, சர்ச்சில் திருமணம், எல்லாவற்றுக்கும் போவார்கள். ஸ்டுடியோக்காரர் போட்டோ எடுப்பார், அவர் மனைவி லைட் பிடிப்பார். மகள் அவர்களை அண்ணன், அக்கா என்றுதான் கூப்பிடுவாள். அவளை முதல் நாள் கொண்டுபோய் விட்டபோதும், பிறகு எங்கள் பகுதியில் நடந்த ஒரு கல்யாணத்திலும் அவர்கள் வேலை செய்வதைப் பார்த்திருக்கிறேன்.

மாப்பிள்ளை அழைப்பு ஊர்வலத்தில் போட்டோக்காரர் முன்னால் இருந்து எடுக்க வேண்டும். அதாவது கூட்டத்தைப் பார்த்தபடி பின்னால் நடந்துகொண்டே இருக்க வேண்டும். அவர் கண்ணைக் கேமராவில் வைத்துப் பின்னால் நடப்பார். அந்த அக்கா அவருக்குப் பின்னால் நின்று, வலது கையில் லைட்டை அவர் தோளுக்கு மேலே தூக்கிப் பிடித்திருப்பார். இடது கை அவருடைய பெல்ட்டில் இருக்கும். அந்தக் கைதான் அவரை ஓட்டும். இழுத்தால் நிற்பார், இடது பக்கம் திருப்பினால் இடது பக்கம் போவார். வாய் ஓயாது.

“படி ஒண்ணு இருக்கு. இறங்கு. ஜெனரேட்டர் வயரு, தாண்டு. நில்லு நில்லு, மாடு. ம், போ.”

கல்யாணத்துக்கு வந்தவர்கள் இதைப் பார்த்துச் சிரிப்பார்கள். அந்த அக்காவுக்கு வெட்கமே கிடையாது. என்னிடம் சொன்னார்: “முகூர்த்தத்தப்ப இவரு என் கையப் புடிச்சிக்கினு மூணு சுத்து சுத்துனாருக்கா. அதுக்கு நான் ஊரு ஊரா இவரு பெல்ட்டப் புடிச்சிக்கினு சுத்தறேன்.”

கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல் அவர் சொன்னார்: “விட்டா ஓடிப்போயிடுவன்னு பயங்க அவளுக்கு.”

“ஓடு பாப்போம். குழிதான் இருக்குது பின்னால.”

அந்தக் கல்யாண ஊர்வலத்தில் மகள் தனியாக இரண்டாவது கேமராவில் எடுத்துக்கொண்டிருந்தாள். அந்த அக்கா கணவரை ஒரு நிமிஷம் நிறுத்திவிட்டு வந்து, மகளுடைய ஜீன்ஸில் பெல்ட் இல்லாததால், இடுப்பில் பெல்ட் கோர்க்கும் பட்டைக்குள் விரலை விட்டுப் பிடித்துக்கொண்டார். நான் சாப்பாட்டுக் கூடத்து வாசலில் நின்று பார்த்தேன். மகள் உடம்பை உதறி விலகினாள். “அக்கா, ப்ளீஸ், ஃப்ரேம் ஆடுது,” என்றாள்.

அன்று பஸ்ஸில் வரும்போது, அந்த அம்மா பிடித்தது நல்லதுதானே என்று கேட்டேன்.

“அது வேலைம்மா. நான் கத்துக்கறது வேற. அவங்க எல்லாரும் தனியாத்தான் எடுத்திருக்காங்க. தனியா இருந்தாத்தான் பார்வை வரும்.”

அவங்க எல்லாரும் என்றால் அந்த மூன்று பேர். எனக்கு அப்போது பதில் தெரியவில்லை. இப்போது இருக்கிறது. அந்தக் கிழவர் பின்னால் நடந்த தெருக்களில் அவருக்குப் பின்னால் நடைபாதை இருந்தது. கல் பதித்த, சமமான, அகலமான நடைபாதை. நம்மூரில் மூடாத சாக்கடை இருக்கிறது. தோண்டிப் போட்ட பள்ளம் இருக்கிறது. அந்த ஓவியர் இருந்த இடத்தைவிட்டே நகரவில்லை. முதுகு எடுப்பவளுக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று எந்த வீடியோவிலும் காட்டவில்லை. காட்டமாட்டார்கள். கிழவருக்கும் வீட்டில் ஒருத்தி இருந்திருப்பாள், பின்னால் ரயில் வருகிறது என்று சட்டையைப் பிடித்து இழுத்திருப்பாள். அவள் பெயரை எந்தப் புத்தகத்திலும் போட்டிருக்கமாட்டார்கள்.

குவாரிக்கு மகள் போனது எனக்குத் தெரியும். சொல்லிவிட்டுத்தான் போனாள். கிருஷ்ணகிரி போய், அங்கிருந்து பர்கூர் பஸ். கூடப் படித்த பெண்ணின் மாமா அங்கே மேஸ்திரி. அவர் ஹெல்மெட் கொடுத்து, வேலை நடக்கும் இடத்திலிருந்து தள்ளி, ஒரு கல் படியில் நிற்கவைத்திருக்கிறார். குவாரியில் கல்லைப் படிப்படியாக அறுத்துக்கொண்டே இறங்குவார்கள். ஒவ்வொரு படியும் ஒரு வீட்டு மொட்டை மாடி அளவுக்கு அகலம். இரண்டு ஆள் உயரம் கீழே அடுத்த படி. ஓரத்தில் கம்பியோ கயிறோ கிடையாது. அங்கே வேலை செய்கிறவர்களுக்குத் தேவைப்படுவதில்லை. யாரும் அங்கே பின்னால் நடப்பதில்லை.

“முதல்ல எடுத்தது நல்லாத்தான் வந்துச்சும்மா,” என்று பிறகு ஆஸ்பத்திரியில் சொன்னாள். “ஆனா கல்லு பெரிசாத் தெரியல. கொஞ்சம் பின்னாடி போனேன். இன்னும் கொஞ்சம். அப்ப சுவரோட மேல் விளிம்பு ஃப்ரேம்ல வந்துச்சு. அவ்ளோதான் ஞாபகம்.”

மேஸ்திரி கத்தியிருக்கிறார். கம்ப்ரஸர் ஓடுகிற சத்தத்தில் அவருக்கே அவர் குரல் கேட்டிருக்காது. படத்தில் முதுகைக் காட்டி நிற்கிறாரே, அவர் மெஷினைப் போட்டுவிட்டு ஓடிவந்து முதல் ஆளாகக் கீழே இறங்கியிருக்கிறார். ஆஸ்பத்திரிக்கும் அவர்தான் வந்திருந்தார். தலைமுடியில், இமையில் எல்லாம் கல்தூசி. அவர் முகம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. என் மகளுக்கு அந்த முகம் தெரியாது.

கேமராவுக்கு ஒன்றும் ஆகவில்லை. விழும்போது இரண்டு கையாலும் அதை நெஞ்சோடு கட்டிக்கொண்டிருக்கிறாள். கையை ஊன்றியிருந்தால் இடுப்புக்கு இவ்வளவு அடி பட்டிருக்காது என்று எலும்பு டாக்டர் சொன்னார். கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூருக்குக் கொண்டுபோன ஆம்புலன்ஸில் ஒவ்வொரு வேகத்தடைக்கும் அவள் கத்தியது இன்னும் என் காதில் இருக்கிறது. இப்போதும் சூளகிரி வழியாகப் பஸ்ஸில் போனால், வேகத்தடை வரும் இடம் வருவதற்கு முன்பே என் கை முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொள்கிறது.

ஸ்டுடியோக்கார அக்கா பார்க்க வந்தார். பழம் கொண்டு வந்தார், கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து மகளின் நெற்றியைத் தடவினார். பெல்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்குப் பதிலாக, ஊத்தங்கரையில் ஒரு கல்யாணத்தில் கணவர் பாயசக் குண்டானுக்குள் காலை விட்ட கதையைச் சொன்னார். மகள் வலியோடு சிரித்தாள். நான் வெளியே வந்து வராந்தாவில் நின்றேன்.

கண்காட்சிக்கு வருகிறேன். அன்று மாலை மகளைப் பேசச் சொன்னார்கள். கைத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு நின்று பேசினாள். யார் யாரிடமிருந்து என்ன கற்றுக்கொண்டேன் என்று ஆங்கிலத்தில் அழகாகச் சொன்னாள். கிழவரிடம் தூரம். ஓவியரிடம் இருட்டு. அந்த வடநாட்டுக்காரியிடம் முதுகு. கிருஷ்ணகிரி என்ற சொல் ஒருமுறை வந்தது. நான் நிமிர்ந்து பார்த்தேன். கல்யாணப் போட்டோ எடுத்துப் பிழைத்த காலம் என்று ஒரே வாக்கியத்தில் அதைக் கடந்துவிட்டாள். எல்லோரும் கைதட்டினார்கள். என் கணவரும் தட்டினார். அவருக்கு ஆங்கிலம் அவ்வளவாகப் புரியாது, மகள் நின்று பேசுவதே அவருக்குப் போதும்.

பிறகு பத்திரிகையிலிருந்து வந்த ஒரு போட்டோக்காரர் மகளையும் என்னையும் அந்தப் படத்துக்கு முன்னால் நிற்கவைத்தார். வயது முப்பதுக்குள் இருக்கும். கண்ணைக் கேமராவில் வைத்தபடி ஓர் அடி பின்னால் போனார். படம் முழுதாக வரவில்லை போலிருக்கிறது, இன்னோர் அடி போனார். அவருக்குப் பின்னால் கீழ்த்தளத்துக்கு இறங்கும் மாடிப்படி.

நான் எப்போது நகர்ந்தேன் என்று தெரியவில்லை. மகளின் பக்கத்தில் நின்றவள் அந்தப் பையனுக்குப் பின்னால் இருந்தேன். என் கை அவன் பெல்ட்டைப் பிடித்திருந்தது. “நில்லு. படி இருக்கு,” என்று கத்தினேன், தமிழில், அந்தக் கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு சிலர் சிரித்தார்கள். அந்தப் பையன் திரும்பிப் படியைப் பார்த்துவிட்டு, “தேங்க்ஸ் ஆன்ட்டி,” என்றான். ஆனாலும் என் கை விடவில்லை. அவன் அப்படியே நின்று, என் மகளை மட்டும் வைத்து எடுத்தான். அந்தப் படம்தான் பத்திரிகையில் வந்தது. மகள் கேமராவைப் பார்க்கவில்லை, அவன் தோளுக்குப் பின்னால் எதையோ பார்த்துக்கொண்டிருக்கிறாள். முகத்தில் சிரிப்பு இல்லை.

திரும்பி வரும் வண்டி அத்திப்பள்ளியைத் தாண்டியது. பிறகு மகள் சொன்னாள்: “ஏம்மா அப்படிப் பண்ணின? எல்லாரும் பாத்தாங்க. அவர் பெல்ட்டப் போய்…”

“விழுந்திருப்பான்.”

“விழுந்திருக்க மாட்டார்மா. அவங்களுக்கு ப்ராக்டிஸ் இருக்கும்.”

“ஒனக்கும் இருந்துச்சுல்ல?”

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். முன் சீட்டிலிருந்து கணவர், “விடேன்,” என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பெல்ட், பர்ஸ் விற்கும் கடைகள் உண்டு. மறுவாரம் வேலை முடிந்து வரும்போது ஒரு பெல்ட் வாங்கினேன். ஆம்பிளைப் பெல்ட்தான், தடியான தோல். கடைக்காரர், “சாருக்கு என்ன அளவும்மா?” என்றார். என் மகளின் இடுப்பு அளவைச் சொன்னேன். வீட்டுக்கு வந்து அவள் கட்டிலில் வைத்தேன். அவள் அதை எடுத்துப் பார்த்தாள். எதற்கென்று புரிந்துவிட்டது. கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டினாள். அங்கேயே பல நாள் தொங்கியது. துணி எடுக்கும்போதெல்லாம் நான் அதைப் பார்ப்பேன். பீரோ கதவில் கிழவரின் ரயில் நிலையமும் அப்படியே இருக்கிறது, அதையும் பார்ப்பேன். லென்ஸும் அதே லென்ஸ்தான். ஜூம் வாங்கித் தருகிறோம் என்று அவள் அப்பா சொல்லிப் பார்த்தார், வேண்டாம் என்றுவிட்டாள்.

போன ஞாயிற்றுக்கிழமை ஊத்தங்கரைப் பக்கம் கல்லாவிச் சந்தையைப் படமெடுக்கப் போவதாகச் சொன்னாள். விழுந்த பிறகு படமெடுக்க வெளியூர் போவது அதுதான் முதல் முறை.

“நானும் வாரேன்,” என்றேன்.

“வேணாம்மா. நீ வந்தா நான் உன்னைத்தான் பாத்துட்டு இருப்பேன்.”

“அந்த ஸ்டுடியோ அக்காவையாவது கூட்டிட்டுப் போ.”

“முகூர்த்த நாளும்மா இன்னிக்கு. அவங்களுக்கு வேலை இருக்கும்.”

சந்தை என்றால் மாடு வரும், ஆடு வரும். லாரியைப் பின்னோக்கி எடுப்பார்கள். நான் இதையெல்லாம் சொல்லவில்லை, என் முகம் சொல்லியிருக்கும். அவள் என் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தாள். கேமரா கழுத்தில்தான் தொங்கியது, எடுக்கவில்லை. நான் தோசைக்கல்லைப் பார்க்கத் திரும்பினேன். பின்னால் கைத்தடி படியிறங்கும் சத்தம் கேட்டது.

தோசை கருகிவிட்டது. அடுப்பை அணைத்துவிட்டு அவள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திப் பார்த்தேன். ஆணி வெறுமையாக இருந்தது. பெல்ட்டைப் போட்டுக்கொண்டுதான் போயிருக்கிறாள். தனியாக.